டிஎல்072 ஆப்ஆம்ப் மாடல் கீகேட்டில் ஓடிவிட்டது, எல்லாம் ஐசி பின் (கால்) வரிசைதான்

வீணைக்கான பீசோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்கும் உணரி) பிரீஆம்ப் சிமுலேஷனில் ஒருவழியாக உயிர் பெற்றுவிட்டது. 1 கிலோஹெர்ட்ஸ் சைன் உள்ளே போய், 11 மடங்காகி, நசுங்காமல் வெளியே வருகிறது. அதுவரை, சர்க்கிட் வரையும் மென்பொருளான கீகேட்டின் சிமுலேட்டர் என்ஜிஸ்பைஸ், 'டைம்ஸ்டெப் டூ ஸ்மால்' (கணக்கிடும் நேர இடைவெளி மிகச் சிறிதாகிவிட்டது) என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தது.

இந்தப் பிழை வந்தாலே ஜிமின், ரெல்டால், கியர் முறை என்று சிமுலேட்டரின் கணக்கீட்டு அமைப்புகளை நோண்டச் சொல்வார்கள். ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) மாடல் என்றால் அதையெல்லாம் தொடும் முன், ஐசியின் பின் வரிசையைப் பாருங்கள். டிஎல்072 என்று கிடைக்கும் வழக்கமான மாடல் கோப்பில் இருப்பது ஒரே ஒரு ஆம்ப், ஐந்தே முனை: பிளஸ் இன்புட், மைனஸ் இன்புட், பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, அவுட்புட். ஐசிக்கோ உள்ளே இரண்டு ஆம்ப், எட்டு பின். எண் வரிசைப்படி கோத்தால் 2ம் 4ம் தற்செயலாகச் சரியாகப் பொருந்திவிடும். அதுதான் கண்ணை மறைக்கிறது. 1இல் அவுட்புட்டும் இன்புட்டும் மோதும். மாடலின் பிளஸ் சப்ளை, ஐசியின் 3ஆம் பின்னில், அதாவது சிக்னலில் போய் உட்காரும். 8ஆம் பின் எங்குமே சேராது.

தீர்வு, எட்டு முனைகளோடு வெளியே ஒரு சப்சர்க்கிட் (மாடலைச் சுற்றிய உறை). உள்ளே, அசல் மாடலை அழைக்கும் இரண்டே எக்ஸ் வரிகள். முதல் வரிக்கு 3, 2, 8, 4, 1. அடுத்ததற்கு 5, 6, 8, 4, 7. அசல் மாடலைக் கீழே இன்க்லூட் செய்தால் போதும். அப்புறம் கீகேட்டில் 1க்கு 1, 2க்கு 2 என்று நேராக இணைக்கலாம். கீகேட்டின் டிஎல்072 சின்னத்தில் மூன்றாவது யூனிட்டான சப்ளை பகுதியையும் வரைபடத்தில் வைக்க வேண்டும். பயன்படாத பாதியில் 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஐ கிரவுண்டில் போட்டேன். போர்டிலும் அப்படித்தான் வரும். சிமுலேட்டர் அமைப்பில் பிஸ்பைஸ் (இன்னொரு சிமுலேட்டர்) இணக்கத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் சரியா என்று பார்க்க ஏசி ஸ்வீப் (அதிர்வெண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பது) நல்ல வழி. டிஎல்072இன் கெயின்-பேண்ட்விட்த்தான 3 மெகாஹெர்ட்ஸை, பெருக்கமான 11ஆல் வகுத்தால் சுமார் 270 கிலோஹெர்ட்ஸ். 3 டெசிபல் சரிவு அங்கேதான் விழுந்தது. அருமை!

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. இந்த மாடல் 1974இல் பாயில் குழுவினர் வெளியிட்ட மேக்ரோமாடலின் (உள் சர்க்கிட்டைச் சுருக்கிய மாடல்) வழிவந்தது. லோடுக்குப் போகும் மின்னோட்டம் சப்ளை பின்கள் வழியாக வராமல் கிரவுண்டிலிருந்து வருகிறது. இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடப்போகும் பிரீஆம்புக்கு பேட்டரி ஆயுளை இதை வைத்துக் கணக்கிடவே முடியாது. இன்புட் மைனஸ் சப்ளையை நெருங்கினால் பழைய டிஎல்072 அவுட்புட்டைத் தலைகீழாகப் புரட்டுமே, அதுவும் இதில் தெரியாது. அவற்றை பிரெட்போர்டில்தான் அளக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் டிஎல்072 எளிதாகக் கிடைக்கும். இன்புட்டுக்கான 10 மெகா ஓம் மெட்டல் பிலிம் ரெசிஸ்டர்தான் தேட வேண்டியிருக்கிறது. இரைச்சல் குறைவான ஓபிஏ1642 ஆப்ஆம்பையும் அடுத்து போட்டுப் பார்க்க ஆசை. அது எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் வகை) என்பதால் டிப் அடாப்டர் போர்டும் வாங்கணும். பின் வரிசை டிஎல்072 மாதிரியேதான், அதனால் வெளி சப்சர்க்கிட்டில் மாடல் பெயரை மட்டும் மாற்றி, புது மாடலின் முனை வரிசையை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஓட்டப்போகிறேன்.