வலைக்குள்ள எவ்வளவு தண்ணி போச்சு? மொரீஷியஸ்ல பிளாங்டன் பிராஜெக்ட் பண்ண அனுபவம்

மரைன் சயின்ஸ் கடைசி வருஷத்துல பிராஜெக்ட்டுக்கு பிளாங்டன் (தண்ணியோட போக்குல மிதந்து போற பொடி உயிருங்க) எடுக்கலாமான்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். நான் பண்ணது இங்க மொரீஷியஸ்ல, மாயேபூர் பக்கத்து லகூன்ல, அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கற ஆழம் கம்மியான கடல்ல.

முதல் மாசம் நடந்தத முதல்ல சொல்லிடறேன். விடியக்காலைல பிரோக் படகுல போனோம், 200 மைக்ரான் (0.2 மி.மீ.) கண்ணு வச்ச வலை, வாய் 50 செ.மீ. அகலம், அந்த வாய்க்கு நடுவுல ஒரு சின்ன காத்தாடி மாதிரி ஃப்ளோ மீட்டர் தொங்கும், வலைய இழுக்கறப்ப தண்ணி அத சுத்தி விடும், நம்பர் ஏறும், இறக்கறதுக்கு முன்னாடியும் இழுத்ததுக்கு அப்புறமும் இருக்கற நம்பர் வித்தியாசத்த வச்சுத்தான் எவ்வளவு தூரம் இழுத்தோம்னு தெரியும். மழை பிடிச்சுக்கிச்சு, நோட்டு நனையுதுன்னு இறக்கறதுக்கு முன்னாடி இருந்த நம்பர அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன், மூணு இடத்துலயும் அதே தப்பு. பாட்டில் நிறைய உயிருங்க வந்துச்சு, மூணு நாள் கண்ணு வலிக்க மைக்ராஸ்கோப்ல எண்ணினேன். லேப்ல இருந்த சீனியர் அக்கா டேபிள பாத்துட்டு "எல்லாம் சரிடா, எவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. எங்கிட்ட பதில் இல்ல.

கணக்கு ரொம்ப சிம்பிள்தான். 50 செ.மீ. வாய்னா பரப்பு 0.196 சதுர மீட்டர், 100 மீட்டர் தூரம் இழுத்தா சுமார் 19.6 கன மீட்டர் தண்ணி வலைக்குள்ள போயிருக்கும். சாம்பிள 500 மி.லி. ஆக்கி, நல்லா கலக்கி அதுல 5 மி.லி. எடுத்து எண்ணறப்ப 120 கோபிபாட் (இறாலுக்கு சொந்தக்கார பொடி உயிர்) இருந்துச்சுன்னா மொத்தம் 12,000, அப்ப ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 610. அந்த தூரம் தெரியலன்னா 12,000ங்கறதுக்கு அர்த்தமே கிடையாது. அதனால வலைய இறக்கறதுக்கு முன்னாடியே நம்பர வாய்விட்டு சொல்லுங்க, கூட இருக்கறவங்க எழுதட்டும். பாட்டிலுக்குள்ள பென்சில்ல எழுதின சீட்டு போடுங்க, வெளிய ஒட்டற லேபிள் கண்டிப்பா உரிஞ்சு போகும். உயிருங்கள கொன்னு கெடாம வைக்கற ஃபார்மலின் மருந்த படகுலயே சேத்துடணும், லேட் பண்ணா பாட்டிலுக்குள்ளயே ஒண்ண ஒண்ணு தின்னுடும்.

அடையாளம் கண்டுபிடிக்கறதுக்குத்தான் ரொம்ப நாள் ஆகும், பயப்படாதீங்க. கலனாய்டுங்கற கோபிபாட் வகைல ஆணோட அஞ்சாவது ஜோடி கால பாத்துதான் பல இனத்த பிரிக்கணும், ஊசி முனையால உடம்ப மெதுவா புரட்டி அந்த காலு கண்ணுக்கு தெரியற நிமிஷம் இருக்கே, எனக்கு இந்த படிப்பு பிடிச்சதே அங்கதான். போட்டோ மட்டும் எடுக்காம கையால வரையுங்க, வரைஞ்சாதான் முள்ளு எத்தனைன்னு மனசுல நிக்கும்.

இன்னொண்ணு, நேரம். பவளப்பாறை பக்கத்துல நிறைய உயிருங்க பகல்ல மணலுக்குள்ளயும் பாறை இடுக்குலயும் இருந்துட்டு ராத்திரிதான் மேல வரும், பகல் சாம்பிள் மட்டும் வச்சு "இங்க பிளாங்டன் கம்மி"ன்னு எழுதிடாதீங்க. அதே மாதிரி வலையோட கண்ணும். நம்ம தீவ சுத்தி இருக்கற திறந்த கடல் சத்து கம்மியான நீலத் தண்ணி, அங்க ஒளிச்சேர்க்கை பண்றதுல பெரும்பங்கு பொடிப்பொடி செல்லுங்க, 1988ல உலகத்துக்கு தெரிய வந்த ப்ரோக்லோரோகாக்கஸ் ஒரு மைக்ரான் கூட இருக்காது, எந்த வலைலயும் நிக்காது. அதுக்கு தண்ணிய பாட்டில்ல பிடிச்சு ஃபில்டர் பண்ணி க்ளோரோஃபில் பாக்கறது, செல்லுங்கள ஒண்ணொண்ணா லேசர் முன்னாடி ஓடவிட்டு எண்ணற ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின்ல எண்ணறதுன்னு வேற வழி.

இந்த நம்பர் எதுக்குன்னு கேப்பாங்க. 2020 ஜூலை 25ல வகாஷியோ கப்பல் மாயேபூர் பக்கத்துல இருக்கற புவாந்த் தெஸ்னிங்கற இடத்துல பாறைல ஏறி, ஆகஸ்ட்ல சுமார் 1,000 டன் எண்ணெய் கொட்டுச்சு. லகூன்ல என்ன செத்துச்சு, என்ன திரும்பி வந்துச்சுன்னு சொல்லணும்னா முன்னாடி கன மீட்டருக்கு எத்தனை இருந்துச்சுன்னு யாராவது தேதியோட எழுதி வச்சிருக்கணும்ல.

வைவால (வாய்மொழித் தேர்வுல) என் ஃபீல்டு நோட்டதான் முதல்ல கேட்டாங்க. முதல் மாச பக்கத்த நான் கிழிக்கல, "தொடக்க நம்பர் இல்ல"ன்னு அங்கயே எழுதி வச்சிருந்தேன். அந்த மூணு சாம்பிளையும் எண்ணிக்கை டேபிள்ல சேக்காம, எந்தெந்த இனம் இருந்துச்சு, நூத்துக்கு எத்தனை பங்குங்கற பட்டியலுக்கு மட்டும் எடுத்துக்கிட்டேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்கு போனாங்க, அது 200 மைக்ரான் வலைல எதெல்லாம் தப்பிச்சு போகும்னு.