ஓசை கொடுத்த நாயகியின் முன்னே

அம்மாவைச் சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்கோலக்காவுக்கு அழைத்து வந்து, அங்கே அருளும் அம்மன் ஓசை கொடுத்த நாயகிக்குத் தேன் அபிஷேகம் செய்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டது, அவர் பேச்சிழந்து கிடந்த இருபதாம் நாள். பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கியிருந்ததால், வலது கையும் வலது காலும் செயலிழந்ததோடு சொல்லும் போய்விட்டது. என்ன வேண்டும் என்று கேட்டால் உதடுகள் அசையும், கண்கள் கலங்கும், சொல் மட்டும் வராது.

எங்கள் வீட்டில் பாட்டு என்பது நேரம் ஒதுக்கிக் கேட்கும் பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை. கோலமிடும்போதும், துணி மடிக்கும்போதும், காய்ச்சலில் கிடந்த எங்கள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றும்போதும் அம்மாவின் வாயில் ஏதேனும் ஒரு தேவாரப் பதிகம் ஓடிக்கொண்டே இருக்கும். கோபம் வந்தால் பாட்டு நின்றுவிடும். அப்பா காலமான பிறகு அது பல மாதங்கள் நின்றிருந்து, ஒரு விடியற்காலையில் வாசலிலிருந்து மெல்ல மீண்டும் கேட்டபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அத்தகைய வீடு இப்போது முற்றிலும் அடங்கிக் கிடந்தது.

பேச்சுப் பயிற்சி அளிக்க வந்த அம்மையார்தாம், அவருக்குப் பழகிய பாட்டு ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள் என்றார். நான் ‘மடையில் வாளை பாய’ என்று எடுத்தேன். சம்பந்தப் பெருமான் திருக்கோலக்காவில் தக்கராகப் பண்ணில் பாடிய பதிகம் அது. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், ‘மாதரார்’ என்று அம்மா தொடர்ந்தார். தண்ணீர் கேட்க முடியாதவருக்குத் தமிழ்மறை வந்தது. பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்திருக்கிறது என்றும், பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்பதால் சொல் போனவர்களிடமும் பாட்டு தங்கியிருப்பதுண்டு என்றும் அந்த அம்மையார் விளக்கினார். அது உண்மைதான். ஆயினும் அந்தத் துணையை அங்கே வைத்தவள் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பயணம் எளிதாக இருக்கவில்லை. முதல் நாள் வழியில் வணங்கிய வேறொரு பெரிய தலத்தில், சக்கர நாற்காலியைக் கண்டதும் இருவர் வந்து, பணம் கொடுத்தால் நேரே சன்னதிக்குக் கொண்டுபோய் நிறுத்துவதாகச் சூழ்ந்துகொண்டனர். மறுத்த பின்னும் விடவில்லை. வரிசையில் நெருக்கியவர்களின் கூச்சலுக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுதார். இறைவனைக் காண வந்த இடத்தில் ஒரு நோயாளியை அழவைப்பவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

மறுநாள் காலை சீர்காழியில் தோணியப்பரையும் திருநிலை நாயகியையும் வணங்கினோம். 2023ஆம் ஆண்டு குடமுழுக்குப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது, தேவாரப் பதிகங்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகள் வெளிப்பட்ட தலம் அது. எத்தனை தலைமுறையாக மண்ணுக்குள் இருந்தாலும் எழுத்து அழியாமல் காத்திருந்ததே என்று எண்ணியபோது, அம்மாவுக்குள்ளும் சொற்கள் அப்படித்தான் காத்திருக்கும் என்று மனம் துணிந்தது.

அங்கிருந்து சிறிது தூரம்தான் திருக்கோலக்கா. திருத்தாளமுடையார் கோயிலில் அன்று கூட்டமே இல்லை. அபிஷேகம் நிறைவேறி, தீபாராதனையில் ஓசை கொடுத்த நாயகியின் திருமுகம் ஒளிர்ந்த வேளையில், யாரும் தொடங்கிக் கொடுக்காமலே அம்மா பாட ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. சுருதி விலகியது. இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. அவருடைய இடது கை மட்டும் காற்றில் உயர்ந்து உயர்ந்து தாழ்வதைக் கண்டேன். தாளம் போட முயல்கிறார், அடிப்பதற்கு மறு கை இல்லை என்பது எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. ஒரு கை ஓசை எழுப்புமா? நான் மண்டியிட்டு என் உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தேன். அதன்மேல் அவர் தட்டினார். மூன்று வயதுப் பிள்ளையான சம்பந்தர் கைநோகத் தாளமிட்டதைப் பொறாமல் பொற்றாளம் ஈந்தவன் இத்தலத்து அப்பன்; ஓசை எழாத அந்தப் பொன்னுக்கு ஓசை தந்தவள் அவள். அவள் சன்னதியில் எங்கள் இருவரின் ஒவ்வொரு கையும் சேர்ந்து ஒலித்தபோது, நின்ற பாட்டு மறுபடி நடந்தது. குருக்களும் தீபத்தட்டை வைத்துவிட்டு உடன் பாடினார். முதல் பாடலை அம்மா முழுவதும் பாடி முடித்தார்.

‘பாடலுக்கு இரங்கும் தன்மையாளன்’ என்று சுந்தரர் இத்தலத்து இறைவனைப் பாடியதை எத்தனையோ முறை பொருள் உணராமல் ஓதியிருக்கிறேன். அதற்குப் பிறகு பிராகாரம் சுற்றினோமா, குளக்கரையில் எவ்வளவு நேரம் அமர்ந்தோம் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. தாயே, நீ கொடுத்ததற்கு ஈடாகத் தர என்னிடம் எதுவுமில்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்கு இன்னும் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஊர் திரும்பும் வழியில், வண்டி புறப்பட்டதும் அவர் இடது கையை என் பக்கம் நீட்டினார். நான் உள்ளங்கையை விரித்து வைத்தேன்.