தந்தையின் நோயை மகளிடம் சொல்லலாமா?

மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் நோய்க்கான மரபணுச் சோதனை அடிப்படையில் ஓர் எண்ணிக்கைதான். நான்காவது குரோமோசோமின் நுனியருகே இருக்கும் ஒரு மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகளின் தொடர் அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்று ஆய்வகத்தில் எண்ணிச் சொல்கிறார்கள். 26 அல்லது அதற்குக் கீழே என்றால் கவலை இல்லை. 40 அல்லது அதற்கு மேல் என்றால், வேறு காரணத்தால் முன்னதாக இறந்துவிடாத வரை, அவருக்கு நோய் வந்தே தீரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவருக்குப் பொதுவாக நோய் வருவதில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது, குறிப்பாகத் தந்தை வழியாகப் போகும்போது, எண்ணிக்கை கூடிவிடக்கூடும்.

கல்லூரியில் மரபியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில், மரபியலின் அறச்சிக்கல்கள் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த நோயிலிருந்துதான் தொடங்குவேன். விரும்பிய நிறத்தில், விரும்பிய அறிவில் குழந்தையை வடிவமைப்பது பற்றிய பேச்சில் பாதி கற்பனை. ஹன்டிங்டன் சோதனையோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கிறது; ஒரு மனிதரின் மரபணுவைப் படிப்பது அவரை மட்டும் படிப்பதாக இருப்பதே இல்லை என்பதை இதைப் போல வேறெந்தச் சோதனையும் காட்டியதில்லை.

நோயின் போக்கு இது. பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. கைகால்கள் தாமாகவே துள்ளுகின்றன, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, குணம் மாறுகிறது, சிந்தனை சிதைகிறது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. அறிகுறி தெரியும் வயதுக்குள் பெரும்பாலோர் திருமணமாகிப் பிள்ளைகளும் பெற்றுவிடுவார்கள் என்பதுதான் இந்த நோய் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைப்பதன் இரகசியம்.

1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் லியோனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணி காலை நேரத்தில் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். அவரது தள்ளாட்டத்தைக் கண்ட போலீஸ்காரர் ஒருவர், விடிந்ததும் விடியாததுமாகக் குடித்துவிட்டு வருவதற்கு வெட்கமாக இல்லையா என்று கடிந்துகொண்டார். லியோனோர் குடித்திருக்கவில்லை. அவருடைய தந்தையையும் சகோதரர்களையும் கொண்டுபோன நோய் அவரிடமும் வந்து சேர்ந்திருந்தது. அவர் உயிரியல் படித்தவர் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அவருடைய இரண்டு மகள்களில் இளையவரான நான்சி வெக்ஸ்லர், தனக்கும் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்த நிலையிலேயே அந்த மரபணுவைத் தேடும் பணியில் இறங்கினார்.

தேடல் அவரை வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக்குக் கொண்டுபோனது. அங்குள்ள மீனவக் குடியிருப்புகளில் இந்த நோய் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குச் செறிந்திருந்ததை அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற மருத்துவர் 1950களிலேயே பதிவு செய்திருந்தார். அங்குள்ளவர்கள் அதை 'எல் மால்' என்று அழைத்தார்கள். கேடு என்று சொல்லலாம். நான்சியின் குழு 1979 முதல் ஆண்டுதோறும் அங்கே சென்று, யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு எப்போது நடுக்கம் தொடங்கியது என்று கேட்டுக் கேட்டுப் பத்துத் தலைமுறைகளையும் பதினெட்டாயிரம் பேரையும் உள்ளடக்கிய வம்சாவளி அட்டவணையை வரைந்தது. ஆயிரக்கணக்கானோரிடம் இரத்தம் எடுத்தது. எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரிக்கு எதற்காக இரத்தமும் தோலும் தர வேண்டும் என்று ஊரார் தயங்கினார்கள். நான்சி தன் கையை நீட்டிக் காட்டினார். தன் தாயின் நோய் காரணமாக அவரும் ஆய்வுக்குத் தோல் துணுக்கு கொடுத்திருந்தார். அந்தத் தழும்பு கையில் இருந்தது. இவளும் நம்மைப் போன்ற குடும்பத்துக்காரிதான் என்று புரிந்த பிறகு தயக்கம் குறைந்தது. ஒப்புதல் படிவத்தில் வாங்கும் கையெழுத்தைவிட அந்தத் தழும்பு நேர்மையான ஒப்புதலைப் பெற்றுத் தந்தது என்பது என் எண்ணம்.

1983இல் மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது. 1993இல் மரபணுவே கையில் சிக்கியது. எண்ணிச் சொல்லும் சோதனை அதன் பிறகு எளிதாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் பலரும் எதிர்பாராதது. சோதனை வருவதற்கு முன் எடுத்த கருத்துக் கணிப்புகளில், இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் செய்துகொள்வோம் என்றே சொல்லியிருந்தார்கள். சோதனை வந்தபின் செய்துகொண்டவர்கள் சிறுபான்மையினர். பல நாடுகளில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மருந்தில்லாத நோய்க்கு முன்னறிவிப்பு எதற்கு என்ற கேள்வியை அவர்கள் வாயால் கேட்காமல் வராமல் இருந்தே கேட்டார்கள். இதையொட்டித்தான், அறியாமல் இருப்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு என்ற கருத்து மருத்துவ அறத்தில் வேரூன்றியது. சோதனைக்கு முன் ஆலோசனை கட்டாயம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு அறிகுறி இல்லாத நிலையில் சோதனை கூடாது, முடிவைக் கேட்க வந்து அமர்ந்த பிறகும் வேண்டாம் என்று எழுந்து போகலாம் என்ற வழிகாட்டு நெறிகள் 1994இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டன. நான்சி வெக்ஸ்லரும் தன் முடிவு என்ன என்பதைப் பல ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்பதை 2020இல்தான் பகிரங்கப்படுத்தினார்.

ஓர் உரிமையை ஒருவர் மட்டும் தனியே அனுபவிக்க முடியுமானால் சிக்கல் இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியின் பாட்டனாருக்கு ஹன்டிங்டன் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய தாய் சோதனை செய்துகொள்ளவில்லை; செய்துகொள்ள விரும்பவும் இல்லை. அவளுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவள் போய்ச் சோதித்து, எண்ணிக்கை 43 என்று வந்தால், அந்தக் கணமே தாயின் எதிர்காலமும் எழுதப்பட்டுவிடுகிறது. பாட்டனாரிடமிருந்து தாய் வழியாக அல்லாமல் அது அவளிடம் வந்திருக்க முடியாது. தாய் அறியாமல் இருக்க விரும்புகிறாள், மகள் அறிய விரும்புகிறாள். இருவர் விருப்பமும் நியாயமானது, இரண்டும் ஒரே வீட்டில் நிறைவேறாது. ஒத்த இரட்டையர் நிலை இன்னும் கடுமையானது: ஒருவர் சோதித்தால் இருவரும் சோதித்ததாகவே பொருள். மகள் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் போதாதா என்று வகுப்பில் எப்போதும் யாராவது கேட்பார்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவளின் முகத்தைத் தாய் படிக்கமாட்டாளா என்று வேறொரு மாணவியே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுவாள். பரம்பரை நோய் என்ற பேச்சு எழுந்தால் தங்கைகளின் வரனும் தட்டிப்போகும் என்று அஞ்சும் நம் ஊர்க் குடும்பங்களில், இந்த மௌனத்தின் சுமை இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது.

இதே சிக்கல் இங்கிலாந்தில் நீதிமன்றப் படியேறியது. 2007இல் ஒருவர் தன் மனைவியைச் சுட்டுக் கொன்றார். மனநிலைப் பாதிப்பு காரணமாகக் கொலையைவிடக் குறைந்த குற்றத்தின் பேரில் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 2009இல் அவருக்கு ஹன்டிங்டன் இருப்பது உறுதியானது. அப்போது அவருடைய மகள் கருவுற்றிருந்தார். மகளிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் தந்தையிடம் கேட்டார்கள். தெரிந்தால் கருவைக் கலைத்துவிடுவாள் என்று சொல்லி அவர் மறுத்தார். மருத்துவர்கள் தமக்குள் விவாதித்து, நோயாளியின் இரகசியத்தைக் காப்பது என்று முடிவு செய்தார்கள். குழந்தை 2010 ஏப்ரலில் பிறந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு மருத்துவர் தற்செயலாக வாய்தவறிச் சொன்னதால்தான் மகளுக்கு விஷயம் தெரிந்தது. 2013இல் சோதித்தபோது தனக்கும் அது இருப்பதை அறிந்தார்.

தனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் வழக்குத் தொடுத்தார். முதலில், விசாரணைக்கே தகுதியில்லை என்று 2015இல் தள்ளப்பட்ட வழக்கு, 2017இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 2020 பிப்ரவரியில் தீர்ப்பானது. மகள் தோற்றார். மருத்துவர்களின் முடிவைப் பொறுப்புள்ள மருத்துவக் கருத்து ஒன்று ஆதரித்தது. தெரிந்திருந்தால் கருவைக் கலைத்திருப்பார் என்பதும் நிரூபணமாகவில்லை. ஆனால் தீர்ப்பின் ஒரு பகுதி வழக்கின் முடிவைவிட முக்கியமானது. கடுமையான பாதிப்பு ஏற்படக்கூடிய நெருங்கிய உறவினர் ஒருவர் இருப்பது தெரிந்தால், அவருடைய நலனையும் நோயாளியின் இரகசியத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் சட்டக் கடமை மருத்துவருக்கு உண்டு என்று நீதிபதி யிப் ஏற்றுக்கொண்டார். சொல்லியே ஆக வேண்டும் என்பதல்ல, எடைபோட்டே ஆக வேண்டும் என்பது.

என் கருத்தைக் கேட்டால், நான் மகளின் பக்கம். நோய்க்குறி ஒருவரது உடலில் தென்பட்டது என்பதற்காக, அந்தச் செய்தி முழுவதும் அவருடைய சொத்தாகிவிடாது. தந்தைக்கு ஹன்டிங்டன் இருக்கிறது என்ற வாக்கியமும், மகளுக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது என்ற வாக்கியமும் ஒரே உண்மையின் இரு வாசிப்புகள். இரண்டாவதைப் பூட்டிவைக்கும் சாவியை முதலாமவரிடம் கொடுத்திருப்பது சரியாகப் படவில்லை. இதற்கு எதிர்வாதம் வலுவானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவர் உறவினர்களிடம் சொல்லிவிடுவார் என்ற அச்சம் பரவினால், பலர் மருத்துவரிடமே வரமாட்டார்கள். மகளுக்கும் அறியாமல் இருக்கும் உரிமை உண்டு, அவளைக் கேட்காமல் அதை எப்படிப் பறிப்பது? கேட்பதே சொல்வதாகிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள முடிச்சு. உங்களுக்கு ஒரு பரம்பரை நோய் பற்றிய தகவல் வேண்டுமா என்று கேட்கப்பட்டவர் அதன் பிறகு நிம்மதியாக உறங்கப்போவதில்லை.

கருத்தரிப்பு மையங்களில் இந்த முடிச்சுக்கு விசித்திரமான தீர்வுகள் கண்டிருக்கிறார்கள். தன் நிலையை அறிய விரும்பாத, அதே சமயம் பிள்ளைக்கு நோய் போகக்கூடாது என்று விரும்பும் ஒருவருக்காக, ஆய்வகத்தில் கருக்களைச் சோதித்து, நோயற்றவற்றை மட்டும் கருப்பையில் வைத்து, எத்தனை கருக்கள் பாதிக்கப்பட்டிருந்தன என்பதைச் சொல்லாமலே விட்டுவிடும் முறை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கருக்களும் நோயற்றவையாகவே இருந்து, இவருக்கு நோயே இல்லை என்பது மருத்துவருக்குப் புரிந்துவிட்டால்? அடுத்த முறையும் தேவையில்லாத ஊசிகளையும் செலவையும் அவர் மீது சுமத்தியபடி மௌனம் காக்க வேண்டும். வைப்பதற்குத் தகுதியான கரு ஒன்றுகூடக் கிடைக்காத நாளில் என்ன சொல்வது என்பதும் சங்கடமே. இதைத் தவிர்க்க, நோயுற்ற பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வந்த நான்காவது குரோமோசோமைச் சுமக்கும் கருக்களை, நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே ஒதுக்கிவிடும் மற்றொரு முறை வந்தது. அதில், சோதனைக்கு வந்தவருக்கு நோய் இல்லாத பட்சத்தில், ஒதுக்கப்பட்ட கருக்கள் அத்தனையும் நலமானவை. ஒருவரின் அறியாமையைப் பாதுகாக்க எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை இங்கே கருக்களின் எண்ணிக்கையில் அளக்க வேண்டியிருக்கிறது.

காப்பீட்டு நிறுவனங்கள் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணு பாகுபாட்டைத் தடுக்கிறது; ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை. பிரிட்டனில் ஐந்து இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு, முன்கூட்டிச் செய்யும் மரபணுச் சோதனைகளில் நிறுவனம் கேட்கக்கூடிய ஒரே முடிவு ஹன்டிங்டன் சோதனையின் முடிவுதான். இந்தியாவில் மரபணுக் கோளாறு என்ற ஒரே காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. நாடாளுமன்றம் இதற்கென்று தனிச்சட்டம் இயற்றினால்தான் இது நிலைபெறும்.

அறியாமல் இருக்கும் உரிமை இவ்வளவு காலம் உறுதியாக நின்றதற்குக் காரணம், அறிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே. அந்த நிலை மெல்ல அசைகிறது. 2025 செப்டம்பரில் யூனிக்யூர் நிறுவனம், மூளைக்குள் அறுவை சிகிச்சை மூலம் செலுத்தப்படும் ஒரு மரபணுச் சிகிச்சை, அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நோயின் வேகத்தை 75 விழுக்காடு குறைத்ததாக அறிவித்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே. ஒப்பிடுவதற்கு வேறோர் ஆய்வுப் பதிவிலிருந்த நோயாளிகளின் தரவையே பயன்படுத்தினார்கள் என்பதால் அடக்கமாகவே இதை வாசிக்க வேண்டும். ஆயினும் இப்படியொரு மருந்து நிலைபெற்று, நரம்பணுக்கள் அழியும் முன்பே கொடுத்தால்தான் பயன் என்றாகிவிட்டால், மௌனம் காத்த மருத்துவரை ஆதரிக்கும் பொறுப்புள்ள மருத்துவக் கருத்து அன்றைக்கும் கிடைக்குமா என்பது சந்தேகமே. அந்த மருந்தின் விலை என்னவாக இருந்தாலும், தங்கள் இரத்தத்தைக் கொடுத்து மரபணுவைக் கண்டுபிடிக்க உதவிய மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களில் பெரும்பாலானோரால் அதை இன்றைய நிலையில் வாங்க முடியாது.