கிணத்தடியில இருந்து கதைச்ச ஃபோன் கோல்

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டாங்கள், திங்கள் காலமை எடுத்திருவாங்கள் எண்டுதான் நாங்க நினைச்சம். இலங்கையில திருகோணமலைக்குப் பக்கத்தில, உப்புவெளியில எங்கட வீட்டுக்குக் கடல் சத்தம் கேக்கும், ஆனா கரைக்குப் போகேலாது. ரெண்டாம் கிழமை எனக்கு நித்திரையே இல்ல, நெஞ்சு படபடக்கும், கொரோனா வந்திட்டுதோ எண்டு சாமத்தில எழும்பி நெத்தியைத் தொட்டுப் பாத்துக்கொண்டிருப்பன், பக்கத்தில படுத்திருக்கிற அம்மாட்டயும் சொல்லேல, யுத்தமும் சுனாமியும் கண்ட மனுசிட்ட இதை எப்பிடிச் சொல்லுறது எண்டு ஒரு கூச்சம்.

சிநேகிதி ஒருத்திதான் ஒன்லைன்ல கவுன்சிலிங் செய்யிற ஒரு அக்காட நம்பர் தந்தவ. வீட்டுக்குள்ள எல்லாரும் இருக்கேக்க எங்க போய்க் கதைக்கிறது, கிணத்தடிக்குப் போய் வீடியோவை ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் கதைச்சனான், சிக்னல் விட்டு விட்டு வரும். முதல் நாள் அழுததுதான் கூட. அவ அவசரப்படுத்தேல. மூச்சை இழுக்கிறதை விட விடுறதை நீட்டமா விடச் சொன்னா, நியூஸ் ஒரு நாளைக்கு ஒருக்காத்தான், காலமை ஒரே நேரத்துக்கு எழும்போணும் எண்டா. பெரிய மருந்தொண்டுமில்ல, ஆனா எனக்கு உதவினது.

நேரில முகம் பாத்துக் கதைக்கிற மாதிரி வராதுதான், எண்டாலும் ரோட்டே பூட்டியிருந்த நேரம் அந்தக் குரல் வீட்டுக்கு வந்தது. டேட்டா இல்லாதாக்கள் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ட லைன், எந்த நேரமும் எடுக்கலாம், தயவுசெய்து கூச்சப்படாதீங்க.

நாலாவது கோலுக்குப் பிறகு அம்மாட்டச் சொன்னன். தானும் நித்திரை கொள்ளேல எண்டா.