தலவாக்கலையில் ஒரு ஸ்பிரைட்: எதை விட்டுவைத்தேன், எதை மாற்றினேன்

2022 இல் இலங்கையில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மாதங்களில், ஓட்ட வழியில்லாத காரைப் பிரித்துப் போட்டாவது பார்ப்போம் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலையில் இறங்கினேன். கார் 1959 ஆம் ஆண்டின் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட். பொனட்டின் மேல் விளக்குகள் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்பதால் தவளைக்கண் என்று பெயரெடுத்த முதல் ரகம். மலையகத்தில் தலவாக்கலைக்குக் கிட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னத் துரையாக, அதாவது உதவி முகாமையாளராக, இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, ஊர் திரும்பும் அவசரத்தில் பெரிய கிளாக்கரிடம் விட்டுச்சென்ற வண்டி இது. கிளாக்கரின் மகனிடமிருந்து நான் வாங்கியபோது பொனட்டுக்குள் டட்சன் 1200 இன் இயந்திரம் இருந்தது. இருக்கைகள் ஏதோ ஒரு வேனினுடையவை. நிறம் சிவப்பு, அதுவும் தூரிகையால் பூசிய சிவப்பு.

அசல் நிலைக்கே கொண்டுபோவதா, இருக்கிறபடி ஓட விடுவதா, என் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் இந்தக் காரில் அசல் என்று எதைச் சொல்வது என்பதே முதல் சிக்கல். ஸ்பிரைட்டின் இயந்திரம் ஒஸ்டின் ஏ35 குடும்பத்திலிருந்து வந்தது, ஸ்டியரிங் மொரிஸ் மைனரிலிருந்து வந்தது. விளக்குகள் தேவைப்படும்போது மட்டும் மேலெழும்படி அமைக்கத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். செலவு கட்டாது என்று அதைக் கைவிட்டதால் உண்டானதே இன்று ஊரெல்லாம் கொஞ்சும் இந்தத் தவளை முகம். முன் பம்பர், ஹீட்டர், இயந்திரச் சுழற்சியைக் காட்டும் மானி ஆகிய யாவும் தனியாகக் காசு கொடுத்துப் பெறும் உபரிகள். ஆகவே 1958 மே மாதம் அறிமுகமான நாளிலேயே ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல அசல்கள் இருந்தன. என் காரின் அசல் எது என்று அறிய, இங்கிலாந்தில் கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் தொழில் மரபு அறக்கட்டளைக்கு எழுதி, தயாரிப்புப் பதிவேட்டின்படி வழங்கப்படும் சான்றிதழைப் பெற்றேன். இயந்திர இலக்கமும் நிறமும் அதில் இருந்தன. நிறம், இலைப் பச்சை. தேயிலை நாட்டுக்கு இலைப் பச்சைக் கார் அனுப்பியவர்கள் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள் என்றாலும், வாசித்தபோது சிரிப்பு வந்தது.

முதல் வேலை தரைத்தகடு. ஸ்பிரைட்டுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடல்கூடே சட்டகம். பின்பக்கத்து வில்தட்டுகள் கால்-நீள்வட்ட வகையைச் சேர்ந்தவை, அதாவது அவற்றின் தடித்த முனை இருக்கைக்குப் பின்னால் தரையோடு இணைந்த ஒரு பெட்டிக்குள் இறுக்கப்பட்டு, மெல்லிய முனை மட்டும் பின்னால் நீண்டு அச்சைத் தாங்கும். பின்பாரம் முழுவதும் அந்தத் தரைப் பெட்டியில் வந்து இறங்குவதால், துரு பிடித்தால் காரின் முதுகெலும்பே போயிற்று. எங்கள் பக்கத்து மூடுபனியும் மழையும் அறுபது வருடம் செய்த வேலையைப் பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பாய்விரிப்பைக் கிழித்து, அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டியபோது, சாரதியின் குதிகால் படும் இடத்தில் ஓர் ஒட்டு தென்பட்டது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரே தகடு அல்ல. விரல் பருமனுக்குச் சற்று அகலமான தகரப் பட்டைகள், ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றின் மேல் ஒன்று விளிம்பு ஏறி, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் உள்ளே ஏறாமல் பின்னோக்கி வழியும் வாட்டத்தில் அடுக்கப்பட்டு, ரிவெட் அடித்து இறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பட்டையிலும் சம இடைவெளியில் சிறு துளைகள். ஒவ்வொரு துளையும் ஈயப்பற்றால் அடைக்கப்பட்டிருந்தது. துளைகளின் இடைவெளியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அவை தேயிலைப் பெட்டியின் விளிம்புத் தகரங்கள். பலகைப் பெட்டியின் ஓரங்களில் ஆணியடித்துப் பொருத்தும் அதே தகரத்தைக் கழற்றி, தட்டி நிமிர்த்தி, ஆணித்துளையை அடைத்து, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் யாரோ ஒரு ஃபிட்டர் இங்கிலாந்துக் காருக்குத் தரை போட்டிருக்கிறார். இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த எழுபதுகளில் நல்ல தகடு கிடைக்காமல் தன் தந்தை ஸ்டோரில் கொடுத்துச் செய்வித்ததாகக் கிளாக்கரின் மகன் உறுதிப்படுத்தினார். என் தந்தையும் வேறொரு தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். ஆகவே இந்த விடயத்தில் நான் நடுநிலையானவன் அல்லன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டிங்கரிங் செய்ய வந்தவருக்கு இந்தப் பரவசம் எதுவும் இல்லை. "தம்பி, இந்தக் குப்பைய வெட்டித் தூக்கிட்டுப் புதுத் தகடு அடிச்சிருவோம், அரை நாள் வேல" என்றார். "அண்ணே, இதுல பாரம் ஏறுதா?" என்று கேட்டேன். சுத்தியலின் பிடியால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது. துருத்தடுப்புப் பூசி, மேலே நிறமற்ற வார்னிஷ் அடித்தேன். வலப்பக்க வில்தட்டுப் பெட்டியின் மேல் இருந்த இரண்டாவது ஒட்டும் அதே கையின் வேலைதான், ஆனால் அதன் அடியில் பெட்டி உளுத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதிய பெட்டி வைத்து வெல்டிங் செய்தோம். வெட்டிய துண்டை எறியவில்லை.

சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் என்று ஓர் ஆவணம் உண்டு. வாகனம் வழக்கமாக ஓடிய காலத்தில் அதில் நிகழ்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்றும், இன்று நாம் செய்ய நேரும் மாற்றங்கள் அடக்கமாகவும் பின்னர் விலக்கக்கூடியனவாகவும் இருக்க வேண்டும் என்றும், கழற்றிய அசல் பாகங்களை வாகனத்துடனேயே பேணுவது நல்லது என்றும் அது சொல்கிறது. தேயிலைப் பெட்டித் தகரத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் கிடைக்காது. ஆனால் அதே நியாயப்படி டட்சன் இயந்திரமும் சாட்சிதானே? முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் காரை இழுத்தது அதுதான். போதாக்குறைக்கு, 1952 இல் உரிமம் பெற்று ஒஸ்டின் கார்களைத் தயாரித்த நிசானின் பிள்ளை அது. தூரத்து உறவு என்றுகூட வாதிடலாம். பல இரவுகள் இதை யோசித்தேன். தகர ஒட்டு காரிலிருந்து எதையும் பறிக்கவில்லை, இழந்ததை ஈடு செய்தது. டட்சனை உட்கார வைக்கவோ கியர்பெட்டியை மூடிச்செல்லும் தரைச் சுரங்கத்தை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தார்கள். இதுவே நான் கண்ட வேறுபாடு. உண்மையைச் சொன்னால், சிறு வயதில் எங்கள் வீதியால் போன மொரிஸ் மைனர்களின் அந்தப் பழைய சத்தம் எனக்கு வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம், அதற்குச் சாசனத்தில் இடம் கிடையாது.

அசல் இயந்திரம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பதுளையில் கோழிக்கூடாகிப்போன ஒரு மொரிஸ் மைனர் 1000 இலிருந்து அதே ஏ வகையைச் சேர்ந்த 948 சிசி இயந்திரத்தை எடுத்தேன். மைனரில் ஒரு கார்பரேட்டருடன் 37 குதிரைவலு தரும் இந்த இயந்திரம், ஸ்பிரைட்டில் இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்களுடன் 43 தந்தது. வால்வுச் சுருள்களும் ஸ்பிரைட்டில் வலிமையானவை. அவற்றைத் தருவித்துப் பொருத்தினேன். வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் இந்நாட்டில் நின்றுவிட்டதால், சிலிண்டர் தலையில் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளை இறக்கினோம். இது அசலுக்கு மாறானது, ஆனால் தலையைக் கழற்றினால் ஒழியக் கண்ணுக்குத் தெரியாது. சான்றிதழிலுள்ள பழைய இலக்கத்தையே புதிய இயந்திரத்தில் குத்திவிடும்படியும், விலை இரட்டிப்பாகும் என்றும் அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள். அது மீட்டெடுப்பு அல்ல, கள்ளக் கையெழுத்து. மைனரின் இலக்கம் மைனரின் இலக்கமாகவே இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்திலும் அந்த மாற்றத்தையே பதிவு செய்தேன்.

தலவாக்கலையில் இயந்திரம் ஓடியது, ஆனால் நுவரெலியாவுக்கு ஏறியதும் கரும்புகை கக்கியது. 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் மிஞ்சிவிடுகிறது. எஸ்யூ கார்பரேட்டரில் இதற்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும், கூம்பிச் செல்லும் ஊசியை மாற்றினால் போதும். அந்தக் காலத்து அட்டவணையிலேயே செறிந்தது, வழமையானது, மெலிந்தது என்று ஊசிகள் வகுக்கப்பட்டிருந்தன. மெலிந்ததைப் போட்டேன். இது அசலா மாற்றமா என்று கேட்டால், இரண்டும் என்பேன்.

மின்சாரத்தில் பட்ட பாடு வேறு. மழை இரவில் விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டால் டைனமோ திணறும். எனவே அதைவிட அதிக மின்சாரம் தரும் ஒல்டர்நேட்டர் போட்டுவிடத் தீர்மானித்து வாங்கியும் வைத்துவிட்டேன். கழற்றும்போதுதான் டைனமோவின் பின்முனையில் ஒரு சிறு கியர்த் துண்டும் அதிலிருந்து ஒரு கேபிளும் போவதைக் கவனித்தேன். ஸ்பிரைட்டின் சுழற்சி மானியை இயக்குவதே டைனமோவின் பின்முனைதான்! டைனமோவை மாற்றினால் மானி செத்துப்போகும். அதற்கு மின்னணு உள்ளீடு வைத்தால் முகப்பு மட்டுமே பழையதாக எஞ்சும். ஒல்டர்நேட்டருக்காக நேர்முனை நிலத்தொடுப்பை, அதாவது பற்றரியின் நேர்முனையைக் காரின் உடலோடு தொடுத்திருப்பதை, எதிர்முனையாக்கவும் வேண்டும். ஒன்றைத் தொட்டால் நாலு ஆடுகிறது. ஒல்டர்நேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டைனமோவுக்குப் புதிய கார்பன் தூரிகைகள் போட்டேன். இரவு மழையில் ஓட்டுவதில்லை. இதற்கிடையில், யாருக்கும் தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒளித்து வைக்கலாம் என்று வாங்கிய மின்னணு எரியூட்டித் துண்டு, எதிர்முனை நிலத்தொடுப்புக்கு உரியது என்பதை வாசிக்காமல் பொருத்தியதால், ஒரு நொடியில் கருகிப்போனது. தீப்பொறிக்காக மின்சாரத்தைத் தொட்டு விடும் பழைய பொயின்ட்டுக்கே திரும்பினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி பார்த்துத் தேய்த்தால் அது குறையின்றி வேலை செய்கிறது.

இவ்வளவுக்கும் அசல் பக்கம் சாய்ந்து நின்ற என்னை ரம்பொடை இறக்கம் திருத்தியது. நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை 1,300 மீற்றருக்கு மேல் இறங்கும் அந்தப் பாதையில், நாலு சக்கரத்திலும் ஏழு அங்குல ட்ரம் பிரேக்குகளுடன் இறங்கினேன். இரண்டாம் கியரிலேயே வைத்திருந்தும், வளைவுக்கு வளைவு மிதி ஆழமாகிக்கொண்டே போனது. ட்ரம் சூடேறி விரிய விரிய, அதை எட்டிப்பிடிக்கக் கட்டைகள் அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. ஒரு பஸ்ஸின் பின்னால் கடைசியில் கைப்பிரேக்கையும் சேர்த்து இழுத்துத்தான் நிறுத்த முடிந்தது. முன் சக்கரங்களிலிருந்து புகை வந்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார், சூடான வார்ப்பிரும்பில் ஊற்றினால் வெடிக்கும் என்று தடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதமே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். 1962 இன் இறுதியில் இதே குடும்பத்துக் கார்களுக்குத் தொழிற்சாலையே டிஸ்க் கொடுத்தது. அந்தப் பாகங்கள் வெட்டாமல், துளையிடாமல் இதில் ஏறுகின்றன. அதற்கு முன்பே போட்டியில் ஓடிய செப்ரிங் ஸ்பிரைட்டுகளிலும் முன் டிஸ்க் இருந்தது. ஆகவே காலத்துக்கு ஒவ்வாத மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னாலும் அவரை ஒருமுறை ரம்பொடையில் முன்னால் உட்கார வைத்து இறக்கிக்காட்டத் தயார். 1934 இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊரில் கார் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றுதான் பேசுவார்கள், இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை.

இப்போது மிஞ்சியிருப்பது நிறம். சிவப்பைச் சுரண்டிப் பார்த்ததில் அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் ஒரு நீலம், அடியில் இலைப் பச்சை. மானிப் பலகைக்குப் பின்னால், எந்தத் தூரிகையும் எட்டாத ஓர் இடத்தில், அந்தப் பச்சை மங்காமல் இருக்கிறது. வர்ணம் கலப்பவர் அதை வைத்தே கலவை பிடித்துத் தந்தார். வெளிப்புறம் முழுவதும் பச்சை அடிப்பது என்று முடிவு. சாரதிப் பக்கக் கதவின் உட்புறத்தில் மட்டும், சுரண்டிய அந்த நாலு நிறப் படிகளும் தெரியும் உள்ளங்கையளவு இடத்தை மறைக்காமல் விடச் சொல்லியிருக்கிறேன். டிங்கரிங் அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை. "பாக்கிறவன் நான் பாதியில விட்டுட்டுப் போனதா நெனைப்பான்" என்கிறார்.

கழற்றியவை எல்லாம் ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் இருக்கின்றன: கிறீஸ் பூசிச் சுற்றிய முன் ட்ரம்கள் இரண்டு, அவற்றின் கட்டைகள், வெட்டிய ஒட்டுத் துண்டு, கழற்றிய திகதியும் இடமும் எழுதிக் கட்டிய சீட்டுகள். டட்சன் இயந்திரம் அதற்குள் அடங்காது. கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றும் ஒருவர் தன்னுடைய பழைய டட்சன் சன்னி வேனுக்கு அதை வாங்கிப் போனார். சுரங்கத்தில் கிழித்த இடத்தை அடைத்து வெல்டிங் செய்த தழும்பை இன்னும் தேய்க்கவில்லை. மழை விட்டதும் அதைத் தேய்த்துவிட்டு, அடிப்பூச்சைத் தொடங்க வேண்டும்.