பெடல் முதலில் வந்தது, தரை கடைசியில்

வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு எலும்புகளை ஆபரேஷனில் இணைத்து எட்டு மாதம் ஆகிறது. "விரல் மடங்காதாமே, அப்புறம் தையல் மிஷின் எப்படிண்ணே மிதிப்பீங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்கும் அந்தப் பயம்தான். மதுரை புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவிலும், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு அங்கேயும், 30 வருஷமாகக் காலால் மிதித்துத் தைத்துத்தான் சோறு சாப்பிடுகிறேன்.

மூட்டு தேய்ந்து மேல்பக்கம் எலும்பு துருத்திவிட்டது. செருப்பு வார் பட்டாலே உயிர் போகும். அடி எடுத்து வைக்கும்போது குதிகால் எழும்பினால் அந்த விரல் மடங்கியே ஆக வேண்டும், அந்த மடிப்பில்தான் வலி. தேய்ந்த பரப்பை எடுத்துவிட்டு, இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு ஒரே எலும்பாக வளரவிடுகிறார்கள். தரையிலிருந்து 10, 15 டிகிரி மேலே பார்த்தபடி விரலை நிறுத்துகிறார்கள். நகத்துக்குக் கீழே இருக்கிற மூட்டு பழையபடி மடங்கும்.

முதல் 6 வாரம் குதிகாலில் மட்டும் பாரம் விழுகிற செருப்பு, வாக்கர். காலைத் தொங்கவிட்டால் கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கும். செல்லூர் வீட்டில் தலையணை மேல் காலை வைத்துக் கொண்டு மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று சொன்ன அன்று சாயங்காலமே மிஷினில் உட்கார்ந்தேன். பெடலில் பாதம் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆடுவது கணுக்கால். கட்டைவிரல் மடங்கவே வேண்டியதில்லை! இத்தனை வருஷம் மிதித்தும் இதைக் கவனித்ததில்லை. ஒரு தலையணை உறை தைத்து முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

நடைதான் கோணிவிட்டது. பயத்தில் சுண்டுவிரல் பக்கமாகவே சாய்ந்து நடந்து முழங்காலில் வலி வந்தது. "கட்டைவிரல்ல பாரத்தைப் போடுங்கய்யா, அது இப்ப தாங்கும்" என்று பிசியோதெரபி பொண்ணு திரும்பத் திரும்பச் சொல்லும். அடிப்பாகம் முன்னால் வளைந்த கெட்டியான ஷூ போட்டு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பழகினேன். மீனாட்சியம்மன் கோவிலில் ஷூ கிடையாது. நாலாம் மாதம் ஆடி வீதியில் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தேன், மெதுவாக, குட்டி அடியாக வைத்து.

யாருமே எனக்குச் சொல்லாதது தரையைப் பற்றி. மாடிப்படி ஏறலாம், நடக்கலாம் என்றார்களே தவிர, பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எப்படி எந்திரிப்பான் என்று ஆஸ்பத்திரியில் பேச்சே வரவில்லை. சம்மணம் போட்டு உட்காருவதில் கஷ்டமில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றிக் குந்துவதும் முடிகிறது. விரல்களை மடித்து ஊன்றி எழும் அந்த ஒரு கணத்தில்தான் கட்டைவிரல் கம்பி மாதிரி நின்று தடுக்கிறது. முதல் தடவை என் வீட்டம்மா தோளைக் கொடுத்து, "ஏங்க, அவசரப்படாதீங்க" என்று தூக்கிவிட்டாள். நாற்காலியில் சாப்பிடச் சொன்னவர்களிடம் எனக்குக் கோபம் வந்தது. பேண்ட் நீளம் அளக்கத் தரையில் மண்டியிடாமல் நான் என்ன தையல்காரன்?

வழி ஒன்றுதான். ஆபரேஷன் செய்த காலை முன்னால் தட்டையாக ஊன்றி, மற்ற காலின் முழங்காலைத் தரையில் வைக்க வேண்டும். மடங்க வேண்டிய வேலை முழுக்க நல்ல காலுக்குப் போய்விடும். எனக்கு 30 வருஷப் பழக்கம் நேர் எதிர்: வலதுதான் பின்னால் போகும். பிசியோவில் கட்டிலைப் பிடித்து, அப்புறம் சுவரைத் தொட்டு, அப்புறம் தொடையில் கையூன்றி, ஒரு மாதம் மாற்றிப் பழகினேன்.

சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வீங்குகிறது, பழைய செருப்பு ஏறவில்லை. போன வாரம் பள்ளிக்கூட யூனிபார்முக்கு ஒரு பையன் வந்தான். வலது காலை முன்னால் வைத்து, இடது முழங்காலில் இறங்கி, கணுக்கால் வரை டேப்பைப் பிடித்தேன். முப்பத்தாறரை. சுவரைத் தொடாமல் எந்திரித்து நோட்டில் எழுதினேன்.