13 சீட்டு, 13 கோப்பை

காட்பாடியில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில்தான் பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொண்டேன். மே மாத வெயிலில் சீட்டு விரலோடு ஒட்டும். டம்மி, அதாவது அந்த ஆட்டத்தில் அவருடைய ஜோடி, தன் சீட்டைப் பாயில் விரித்ததும் பெரியப்பா பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "சீட்டைத் தொடறதுக்கு முன்னாடி எத்தனை பிடி வரும்னு எண்ணிடுடா" என்பார். பிடி என்றால் ஒரு சுற்றுச் சீட்டை ஜெயிப்பது.

ஜார்ஜியோ பெல்லடோனா என்ற பெயரையும் அவர்தான் சொன்னார். ரோம் நகரத்துக்காரர், இத்தாலியின் 'புளூ டீம்' என்ற பிரிட்ஜ் அணியின் ஆட்டக்காரர். 1957 முதல் 1975க்குள், பிரிட்ஜ் அணிகளுக்கான உலகப் போட்டிகளில் பெர்முடா பவுல் கோப்பை 13 தடவை, ஒலிம்பியாட் 3 தடவை ஜெயித்தார். மொத்தம் 16 உலகப் பட்டம்!

அதிர்ஷ்டம் என்று சொல்லவே முடியாது. அணிப் போட்டியில் அதே சீட்டுகளை இன்னொரு மேசையிலும் ஆடுவார்கள். நமக்கு வந்த நல்ல கை, அங்கே எதிரணிக்கும் போகும். அப்புறம் எஞ்சுவது மூளையும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஜோடி மேல் வைத்த நம்பிக்கையும்தான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. போனில் சொன்னபோது பெரியப்பாவுக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

சரி, ஞாயிற்றுக்கிழமை அவர் சத்துவாச்சாரிக்கு வருகிறார். மூன்று பேர் இருக்கிறோம். வேலூரில் நாலாவது கை யாராவது வருகிறீர்களா?